இடது தோள்பட்டைக்குக் கீழே

"குப்புறத் திருப்புங்க" என்றாள் எஃப்தலியா.

சவப்பெட்டிக்காரர் லாம்ப்ரோஸ் துணியைப் பிழிவதை நிறுத்தினார். கிரீஸின் பட்ரா நகரத்தில் முப்பது வருடமாகப் பிணங்களைக் கழுவி உடுத்தி அனுப்புகிறவர். வீட்டுப் பெண்கள் அடுத்த அறையில் அழுவதுதான் அவர் பார்த்த வழக்கம். பக்கத்தில் நின்று வேலை சொல்கிறவளை அவருக்குப் பழக்கமில்லை.

"முதுகு எதுக்கும்மா? சட்டை போட்டுப் படுக்க வெச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் பாக்கணும்."

அவர் துணியைக் கீழே வைத்தார். மத்தியானம் உயிர் போன உடம்பு இன்னும் விறைக்கவில்லை. தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்பினார். அவள் கணவர் ஸராந்திஸின் முதுகு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தது.

வெட்டியெடுத்த மச்சத்தின் தழும்பு இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. எஃப்தலியா வழக்கப்படி ஒயின் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து அதைச் சுற்றித் துடைத்தாள். முப்பத்துநாலு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள். இந்த முதுகை அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்திருப்பாள், கவனிக்கவில்லை. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஏழு மாதமாக அவளை விடவில்லை.

எஃப்தலியா ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டைப்பிஸ்ட். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு அடித்துத் தருவது வேலை. கருப்பைக் குறிக்கும் 'மெலாஸ்' என்ற பழைய கிரேக்கச் சொல்லுக்குப் பிறந்த பிள்ளைகள் அவள் விரலுக்கு மனப்பாடம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் சுரக்கும் செல் கெட்டுப் புற்றானால் மெலனோமா. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மலம் கருத்தால் மெலினா. மனம் கருத்தால் மெலங்கோலியா. மற்ற தேசங்களில் இதெல்லாம் டாக்டர்களின் பெரிய பெரிய வார்த்தைகள். புரியாததாலேயே நோயாளிக்கு இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும். கிரீஸில் அந்தச் சலுகை கிடையாது. பள்ளிக்கூடப் பையன் சட்டையில் சிந்துகிற மைக்கே மெலானி என்றுதான் பெயர். பரிசோதனைக் காகிதத்தை வாங்கிப் படித்ததும் மளிகைக் கடைக்காரருக்கும் பாதி புரிந்துவிடும்.

போன நவம்பரில் ஒரு பதிவு வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும். பெயரை வேறு பிரிவில் சேர்ப்பார்கள். மெலனோமா, ஆண், வயது அறுபத்தொன்று, முதுகு, இடது தோள்பட்டைக்குக் கீழே, ஆழம் ஆறு மில்லிமீட்டர், மேல்தோல் புண்ணாகியிருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் என்றால் ரொம்பத் தாமதம் என்று எஃப்தலியாவுக்குத் தெரியும். அடித்து முடித்துவிட்டு அடுத்த மேஜை டூலாவிடம் சொன்னாள்.

"ஆறு மில்லிமீட்டர் வர்ற வரைக்கும் விட்டிருக்காங்க பாரு. இந்த மனுஷனுக்கு முதுகைப் பாக்க வீட்ல ஒரு நாதி இல்லையா?"

"பொண்டாட்டி செத்திருப்பா" என்றாள் டூலா, காபியை உறிஞ்சிக்கொண்டே. இருவரும் உச்சுக் கொட்டினார்கள்.

நாலு நாள் கழித்து ஸராந்திஸ் சாப்பாட்டு மேஜையில் ஒரு உறையை வைத்தார். பக்கத்திலுள்ள ரியோ படகுத்துறையில் கயிறு கட்டுகிற வேலை அவருக்கு. கோடையெல்லாம் வெற்று முதுகோடு நிற்பார். சட்டையில் ரத்தத்தைப் பார்த்த கேப்டன்தான் வம்படியாக ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருக்கிறார். ஸராந்திஸ் இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தாராம்.

எஃப்தலியா காகிதத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு வரியும் அவள் அடித்தது. அடியில் டைப்பிஸ்டின் முதலெழுத்துகள். அவள் எழுத்துகள். ஸராந்திஸ் அதன்மேல் விரலை வைத்தார்.

"நீதானே அடிச்சே?"

"ஆமா."

"ஒரு தப்புகூட இல்லை. கெட்டிக்காரி."

சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தின குளிர்காலம் முழுக்க அவர் சமையலறைக் கதவுச் சட்டத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதையும், பெயின்ட் அழுக்காகிறது என்று தான் திட்டியதையும், டூலாவிடம் கேட்ட கேள்வியையும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டாள். போன வாரம் நர்ஸ் அட்டையில் மெலினா என்று எழுதியபோது தலைகீழாகவே படித்துவிட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது துணியைத் தழும்பின்மேல் வைத்துக் குனிந்தாள்.

"ஸராந்தி, நான் ஒண்ணு..."

"அம்மா, ஒயின் தீர்ந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றார் லாம்ப்ரோஸ்.

அவள் நிமிர்ந்தாள். சமையலறைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். வரும்போது கதவுச் சட்டத்தில், ஆள் தோள் உயரத்தில், அந்த அழுக்குத் தடம் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவரை மல்லாக்கப் போட்டு வெள்ளைச் சட்டை மாட்டியாகிவிட்டது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அடக்கம். கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்கத் தொடங்கியிருந்தது. சமையலறையில் நாத்தனார் பகோனா, சடங்குக்கு வேகவைத்த கோதுமையின்மேல் சர்க்கரையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். எஃப்தலியா கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு படுக்கையறையில் நின்றாள். ஜிப்பு பின்பக்கம். பாதிக்கு மேல் கை எட்டவில்லை. சாவு வீடென்று நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

அந்த ஜிப்பை ஏற்றிவிடுவது எப்போதும் ஸராந்திஸ்தான். நடுமுதுகில் அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. ஜிப்பை அந்த இடத்தில் நிறுத்தி, "அப்படியேதான் இருக்கான், வளரலை" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே இழுப்பார். கல்யாணம், கருமாதி, ஈஸ்டர், எதற்குக் கிளம்பினாலும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. கேலி என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"பகோனா, கொஞ்சம் வா."

பகோனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். அது மாட்டிக்கொண்டது.

"இதை இனிமே போடாதீங்க அண்ணி. பின்னாடி பாக்க வீட்ல ஆள் இருக்கறவங்களுக்குத்தான் இந்த மாதிரி உடுப்பு."

எஃப்தலியா கையைப் பின்னால் கொண்டுபோய் நடுமுதுகைக் காட்டினாள். "அங்க ஒரு மச்சம் இருக்கும். எப்படி இருக்குன்னு பாரேன்" என்றாள்.

"என் மூக்குக்கண்ணாடி அடுப்பு மேல இருக்கு அண்ணி. மணி அடிச்சிட்டாங்க." பகோனா ஒரே இழுப்பில் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். "ஆச்சு. வாங்க."

அவள் கோதுமைத் தட்டை எடுக்கப் போனாள். எஃப்தலியா கதவுக்கு முதுகைக் காட்டியபடி, ஜிப்பு ஏறிய பிறகும், அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.