நிமிர்ந்து பார்க்காத வரை

...தலையை நிமிர்த்தாத வரை நாரை வரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால் கலேனா சேற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், சேற்றில் முன்னால் போகும் ஆய்வகத் தோழி வெசெலாவின் பூட்ஸ் தடங்கள், அகல அகலமாக, வழுக்குமோ என்ற யோசனையே இல்லாத தடங்கள், ஒன்றில் தன் காலை வைத்துப் பார்த்தாள், அடுத்ததற்கு எட்டவில்லை... ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி, மேட்டுத் தேவாலயம்வரை போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை நடைதான், எத்தனையோ முறை வந்த வழி, ஆனால் இன்று வானத்தைப் பார்க்கவே பயம். மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் உறுத்தியது. மார்ச் முதல் நாள், தயிர் ஆலை ஆய்வகத்தில், பால் குப்பிகளுக்கு நடுவே வெசெலா கட்டிவிட்டது. அன்று ஊரில் எல்லார் கையிலும் அது இருந்தது, வசந்தத்தின் முதல் நாரையைக் கண்டதும் அவிழ்த்து ஒரு கிளையில் கட்டி ஏதாவது வேண்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான், ஆனால் வெசெலா முடிச்சை இறுக்கிக்கொண்டே, "உன் வேண்டுதல எனக்குக் குடுத்துடுடி. நார்வேல அந்த வேலை எனக்குக் கிடைக்கணும்னு வேண்டிக்கோ. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால பலிக்கும்," என்றாள்.

பொய் சொல்லத் தெரியாது... அதுதானே சிக்கல். நூலுக்கும் நார்வேக்கும் என்ன தொடர்பு, ஒன்றுமில்லை, உயிர்வேதியியல் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா, தெரியும், தெரிந்துமா குளிக்கும்போது அது நனையாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்?

"ஏய் கலேனா, கீழ என்ன தங்கமா கொட்டிக் கிடக்கு?" முன்னால் போன பள்ளிக்காலத்து நண்பன் காலின் திரும்பிக் கத்தினான், வாயில் பானிட்சா அடை, தாடியெல்லாம் அதன் பாலாடைக்கட்டித் துணுக்கு. "நான் பஸ் ஸ்டாப் பிளம் மரம் பூத்த அன்னிக்கே நூல அதுல கட்டிட்டேன். நீங்க ரெண்டு பேரும் கிழவியாகிற வரைக்கும் போட்டுக்கிட்டுத் திரியுங்க."

"சோம்பேறிக்குத்தான் பிளம் மரம். மனுஷங்களுக்கு நாரைடா," என்றாள் வெசெலா. "முதல்ல தாடியத் தொடச்சுக்கோ, எறும்பு குடியேறிடப்போகுது."

கொடி கத்தரித்துக்கொண்டிருந்தவரின் நாய் உறுமியபடி வந்தது, கலேனா தனியாக வந்திருந்தால் வயலையே சுற்றிப் போயிருப்பாள், வெசெலாவோ குந்தி உட்கார்ந்து, "என்னடா ராஜா, யார் மேல இவ்வளவு கோபம்?" என்று நாயிடம் நியாயம் கேட்டாள், யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாத அந்த மனிதர் சிரித்துவிட்டு ஒரு கை வால்நட் கொடுத்தார்... எப்படி முடிகிறது இவளால்? போன வருஷம் ஆலை நிர்வாகிகள் முன்னால் கலேனாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டபோது, முதல் வரிசையில் இவள் பென்சிலைக் கடித்தபடி, இதைவிட நல்ல பேச்சைக் கேட்டதே இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டுதானே கலேனா பேசி முடித்தாள். அந்த வேலைக்கு இவளைவிடப் பொருத்தமானவர் யார், ஒருவருமில்லை, பதில் எந்த நாளும் வரலாம், அப்படியானால் மனசார வேண்டிக்கொள்ளேன்... போகட்டும் என்று... சொல்லேன்...

வண்டித் தடத்தில் மழைநீர் தேங்கியிருந்தது, நீருக்குள் வானம், அதன் ஓரத்திலிருந்து ஒரு செங்கால் நாரை, கழுத்தை நீட்டி, கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கடந்து போனது. கலேனா நின்றுவிட்டாள். தண்ணீரில் பார்த்தது கணக்கில் வருமா? அதே நீரில், தன் முகத்துக்குப் பக்கத்தில் வெசெலாவின் முகம், அவளும் குனிந்திருந்தாள், அவள் கண்கள் நாரையோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போயின. இதோ கத்தப்போகிறாள், பல்லியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுகிறவள்... கத்தவில்லை. தன் மணிக்கட்டு நூலின் மேல் சட்டைக்கையை மெல்ல இழுத்துவிட்டாள்.

"வா, மழை வரும்போல இருக்கு."

"மழையா? எங்கடி மழை?" காலின் சிரித்தான்.

நீரிலிருந்த வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. வெசெலா முன்னே நடந்தாள், கலேனா அவள் தடத்தில் காலை வைத்தாள், அடுத்ததிலும் வைத்தாள், இந்த முறை எட்டியது... வழுக்கும் என்ற யோசனை, போகத் தயக்கம், இவளுக்கும் உண்டா, எப்போதிலிருந்து, இத்தனை நாளும் நிமிர்ந்தே பார்க்காமல் எதைப் பார்த்துக்கொண்டு நடந்தோம்...