சமம் பார்க்கும் போத்தல்

டிஸ்பென்சரியிலிருந்து பாலசுப்பிரமணியத்தைத் தூக்கி வந்த நாலு பேரும் பிள்ளையார் கோயில் முடக்கில் நின்றுவிட்டார்கள். இடப்பக்கம் இறங்கினால் தொழிலாளர் வரிசை வீடுகள், லயம். வலப்பக்கம் ஏறினால், முன்பு காலையில் ஆள் கணக்கெடுத்த பழைய பிரட்டுக்களம். அங்கேதான் அவருடைய கரவன், லொறியில் பூட்டி இழுக்கும் சக்கர வீடு, நின்றது. மணி காலை ஏழுதான் இருக்கும். முன்கம்பைப் பிடித்திருந்தவன் தோளை மாற்றிக்கொண்டு, "எங்கனப் போறது?" என்று கேட்டான்.

"இதென்ன கேள்வி? லயத்துக்குத்தான்," என்றார் நல்லையா. செத்தவருக்கு அண்ணன். "ஏங் காம்பராவுக்கு முன்னால இஸ்தோப்பக் கழுவி வச்சிருக்கு. தப்படிக்கிறவங்களும் அங்கனதான் வந்து நிக்கிறாங்க."

பின்னால் வந்த அவர் பெண்டாட்டி பரிமளம் முன்னுக்கு வந்தாள்.

"வேணாங்க பெரியத்தான். அவுங்க வீட்டுக்குக் கொண்டு போங்க."

"எந்த வீட்டுக்கு?"

பரிமளம் வலப்பக்கம் கையைக் காட்டினாள்.

அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? அந்தக் கரவனில் கால் வைக்கவே மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு, மூன்று வாரமாக நல்லையா வீட்டுக் குசினி மூலையில் பாய் விரித்துப் படுத்தவள் அவள்தான். புருஷன் மேட்டில், பெண்டாட்டி பள்ளத்தில் என்று தோட்டமே சிரித்தது.

பாலசுப்பிரமணியம் முப்பத்தொரு வருஷம் தோட்டத்து லொறி ஓட்டியவர். வயது முடிந்து வேலையை நிறுத்தியதும் குடியிருந்த காம்பரா புது டிரைவருக்குப் போனது. பரிமளமும் ரப்பர் பால்வெட்டை விட்டு இரண்டு வருஷமாகிவிட்டதால், தோட்டத்துப் பேர்ப்பதிவில் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை; பேர் இல்லாதவருக்குக் காம்பரா கிடையாது. மகள் ஜீவராணி ரம்புக்கனையில் ஒற்றை அறையில் மாமியாரோடு இருந்தாள். அங்கே போனால் சோறு கிடைக்கும், படுக்க இடம் கிடைக்காது. பேரப்பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கடைசி பஸ்சுக்கு ஓடிவர வேண்டும். அப்படி ஓடிவந்த ஒரு நாளில்தான் மனுஷனுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். பெரிய வெள்ளம் வந்ததற்கு மறு வருஷம், தெரணியகலைப் பக்கம் ரோட்டு வேலை செய்த கம்பெனி, இஞ்சினியர் தங்கியிருந்த கரவனை ஏலத்தில் போட்டது. இவர் போய் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிமளத்துக்கு முதல் கோபம் அதுதான்.

தோட்ட நிலத்தில் யாரும் கட்டடம் போடக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. கணக்கப்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தோட்டத்துத் தொரையே வந்து பார்த்தார், டயரை ஒரு உதை உதைத்தார், சிரித்தார். சக்கரத்தில் காற்று இருக்கும்வரை இது வாகனம், காற்றுப் போனால் கட்டடம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பாலசுப்பிரமணியம் சைக்கிள் பம்பும் கையுமாகத் திரிந்தார்.

பால் காய்ச்சிய கதையைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீடென்றால் பால் காய்ச்ச வேண்டாமா? கரவனின் பின்மூலையில் பிள்ளையார் படத்தை மாட்டி, அடுப்பை அங்கேயே வைத்து, ஊரையே கூப்பிட்டார்கள். ஒற்றை அச்சு வண்டி. பின்னால் முட்டுக் கொடுக்காமல் ஆள் ஏற்றக்கூடாது என்று முப்பத்தொரு வருஷம் லொறி ஓட்டியவருக்குத் தெரியவில்லை. பால் பொங்கியதும் சூடம் தொட்டுக் கும்பிடப் பதினைந்து பேர் பின்மூலைக்கு ஒரேயடியாக நகர்ந்தார்கள். கரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் குந்தியது. பால் முழுவதும் பரிமளத்தின் சேலையில். பிள்ளையார் நல்லையாவின் தலையில்.

எல்லாரும் சிரித்தார்கள். பரிமளம் சிரிக்கவில்லை. காய்ச்சிய பால் கீழே கொட்டிய வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்று இறங்கியவள்தான்.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் பாலசுப்பிரமணியம் லயத்துக்கு இறங்கி வருவார். குசினிப் படியில் குந்தி, பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்வார். "ரிவேர்ஸ் எடுக்குறதுதாம் புள்ள பெரிய பாடு. சுக்கான இடப்பக்கம் ஒடிச்சா இது வலப்பக்கம் போவுது. ஒன்னயப் போலதான்." இன்னொரு நாள், "பாரத்த அச்சுக்கு முன்னால வைக்கணும். பின்னால ஏத்துனா வால ஆட்டும்." இன்னொரு நாள், "மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு, பொறகு பின்னால முட்டு, அதுக்குப் பொறகுதான் ஆளு. இந்த வரிச மாறக்கூடாது." பரிமளம் முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவுவாள்.

தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு போத்தல் செய்திருந்தார். சாராயக் கால் போத்தலில் கழுத்துவரை தண்ணீர் விட்டு மூடி, குறுக்காகப் படுக்க வைத்தால் உள்ளே ஒரு காற்றுக் குமிழி ஓடும். நடுவில் இரண்டு கறுப்பு நூல் கட்டியிருந்தார். குமிழி நூலுக்கு நடுவில் நின்றால் வண்டி சமம். அதையும் ஒரு நாள் கொண்டுவந்து அவள் முன்னால் தரையில் வைத்துக் காட்டினார். "இந்தா பாரு, பெரியண்ணன் வீட்டுத் தரையே சரிவு," என்று உள்ளே இருந்த நல்லையாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

ஒரு வாரத்துக்கு முன் ரப்பர் ஸ்டோருக்குப் பக்கமாகப் போனபோது அவளைப் பிடித்து நிறுத்தி, "சும்மா ஏறு புள்ள," என்று தராசில் ஏற்றினார். எதற்கென்று சொல்லவில்லை. பிறகு தானும் ஏறினார். "அட, புருசனும் பொஞ்சாதியும் ஒரே எட! அம்பத்திரண்டு, அம்பத்திரண்டு!" என்று ஸ்டோர்காரர் கத்த, ரப்பர் ஷீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பரிமளத்துக்கு மானம் போனது.

நேற்றுப் பின்னேரமும் வந்தார். விடிந்தால் முதல் பயணம். கூட்டாளி ஜமால்தீனின் லொறியில் பூட்டி, ரம்புக்கனைக்கு, மகள் வீட்டு முற்றத்துக்கு.

"ஆறு மணிக்குக் கெளம்புது. வாறியா?"

"ரம்புக்கனைக்கு பஸ் இருக்கு. நான் பஸ்சுல வாறேன்."

"ஹரி ஹரி, சரிதான். அப்ப பஸ்ஸ்டாண்டுல நிறுத்தி ஏத்திக்கிறேன்."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மேலே போய் முட்டுக்கட்டையை எடுத்து, கல்லை எடுத்து, கரவனைப் பயணத்துக்குத் தயாராக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாராம். கண்டவர்கள் டிஸ்பென்சரிக்குத் தூக்கி ஓடினார்கள். அவள் டிஸ்பென்சரிக்கு ஓடிச் சேர்ந்தபோது டிஸ்பென்சர் ஐயா போர்வையை முகம்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்.

அந்தப் பஸ் பேச்சை இன்னும் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

"பரிமளம், சனம் என்ன பேசும்?" என்றார் நல்லையா. "ஒரு சாவ வண்டிக்குள்ள வச்சா எடுப்பாங்க?"

"ஒங்க வீடு ஒங்க வீடுதானுங்க பெரியத்தான். வாழ்ந்த காலத்துல தோட்டத்துக் காம்பராவுல இருந்தாரு. அவரு தனக்குன்னு வாங்குன வீடு இது ஒன்னுதான். அங்கயிருந்து போகட்டும்."

நல்லையா தம்பியின் முகம் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு தூக்கியிருந்தவர்களைப் பார்த்தார். "என்னடா நிக்கிறீங்க? மேல ஏத்துங்க," என்றார்.

பிரட்டுக்களத்தில் ஜமால்தீன் லொறியோடு நின்றிருந்தார். சாவு தெரிந்தும் பேசிய நேரத்துக்கு லொறியை ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நாலு பேரும் கரவன் படிக்கு வந்து, முன்னால் இருந்தவன் ஒரு காலை உள்ளே வைத்தான்.

"நில்லுங்க!"

பரிமளம் போட்ட சத்தத்தில் வைத்த காலை அவன் எடுத்துவிட்டான்.

"முட்டு இல்ல. நேத்தே எடுத்துட்டாரு. நாலு பேரு ஏறுனா குந்திரும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கரவனுக்கு அடியில் குனிந்தாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லை நெருக்கி வைத்தாள். பலாக்கட்டையைத் தேடி எடுத்து, பின் நடுவில் நிறுத்தி, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள். ஒரு கையால் கட்டையை ஆட்டிப் பார்த்தாள். எழுந்து, "இப்ப ஏறுங்க. முன்பக்கமா கெடத்துங்க," என்றாள்.

"பால் கொட்டுன நாளுக்குப் பொறகு நீ இதுல ஏறுனதே இல்லையே புள்ள," என்றார் நல்லையா. "இந்த வேலையெல்லாம் எப்பப் படிச்ச?"

அவள் மண்ணாகியிருந்த கையைச் சேலையில் துடைத்தாள்.

பாலசுப்பிரமணியத்தை இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் தரையில் கிடத்தினார்கள். இடப்பெஞ்சு அவர் படுத்தது. தலையணை பள்ளம் விழுந்தபடி கிடந்தது. வலப்பெஞ்சில் ஒரு மூட்டையைப் பரிமளத்தின் பழைய நூல் சேலையால் மூடி வைத்திருந்தார். ஜீவராணி பதினொரு மணிக்கு வந்து அப்பாவின் காலில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து அந்தப் பெஞ்சில் உட்காரப் பார்த்தவள், "இது என்னம்மா, அரிசி மூட்டையா? அசையக்கூட இல்ல," என்றாள். "கெடக்கட்டும், தொடாத," என்றாள் பரிமளம். அவளுக்கும் தெரியாது.

ஒரு நேரத்துக்கு ஆறு பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. "மூணு பேரு முன்னுக்கு, மூணு பேரு பின்னுக்கு," என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒப்பாரி வைக்க வந்த பெண்களும் அப்படியே பிரிந்து உட்கார்ந்து அழுதார்கள். பால் கொட்டிய நாளை நினைத்து ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதாள்.

இரண்டு மணிக்குக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு முடிந்தபோது ஜமால்தீன் ஒதுக்குப்புறமாக வந்து நின்றார்.

"தங்கச்சி, நான் ஒன்னு செல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இண்டைக்கிப் பயணம் போறதா இருந்த மனுசன். லொறியில பூட்டி, பொதைக்கிற மையவாடி வரைக்கும் இதுலயே கொண்டு போனா என்ன? ஒரு தரமாச்சும் ஓடட்டுமே."

பரிமளத்துக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம் நானா," என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். "வீட்டுலயிருந்துதான் ஆளு போகணும். வீடும் கூடவே போனா, அவரு எங்கயிருந்து போனதா ஆகும்?"

ஜமால்தீன் தலையாட்டிவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார். தப்புச் சத்தம் ரப்பர் மலையைச் சுற்றி இறங்கி, பாலத்தடியில் கேட்காமல் போனது.

பெண்கள் கரவனைக் கழுவித் துடைத்தார்கள். பொழுது சாயும் முன் தலைமாட்டில் விளக்கேற்ற வேண்டும். மூன்றாம் நாள்வரை அது அணையாமல் பார்க்க வீட்டு ஆள் ஒன்று கூட இருக்க வேண்டும். "அம்மா, நீங்க பெரியப்பா வீட்டுக்குப் போங்க. நான் இங்கன இருக்கேன்," என்றாள் ஜீவராணி.

"ஒம் புள்ள பாலுக்கு அழும். நீ போ. நான் இருக்கேன்."

மகள் இறங்கிப் போனபிறகு பரிமளம் விளக்கோடு ஏறினாள். தலை இருந்த இடத்தில் வைத்துத் திரியைத் தூண்டினாள். அந்த வெளிச்சத்தில்தான் இடப்பெஞ்சுக்கு அடியில் குறுக்காகப் படுத்திருந்த போத்தலைப் பார்த்தாள். குமிழி நூலைத் தாண்டி இடக்கோடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கல் நழுவியதோ என்று இறங்கிப் பார்த்தாள். கல் சரியாக இருந்தது. முட்டும் இறுக்கமாக இருந்தது. டயரை அழுத்திப் பார்த்தாள். இரண்டிலும் காற்று கல் மாதிரி இருந்தது. மறுபடி ஏறி வலப்பெஞ்சுச் சேலையை விலக்கினாள். அரிசி இல்லை, ஆற்று மணல். நெளிவு சுளிவில்லாமல் தைத்த சாக்கு. அதன் வயிற்றில் ரப்பர் ஸ்டோர் மையால், லொறிச் சீட்டு எழுதிப் பழகிய அந்தக் கோணல் எழுத்தில், ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

தராசில் சும்மா ஏறு என்றது அப்போதுதான் விளங்கியது. அவர் மட்டும் இடப்பக்கம் படுத்தால் வண்டி சாயும். சாயாமல் இருக்க, அவள் வந்து படுக்க வேண்டிய இடத்தில் அவள் எடைக்கு மணலைக் கட்டி, அவளுடைய சேலையாலேயே போர்த்தி வைத்திருக்கிறார். அந்த ஒரு வாரமும் அவள் பக்கத்தில் இருப்பதாகவே வைத்துச் சமம் பார்த்திருக்கிறார்.

பரிமளம் சாக்கின் மேல் கவிழ்ந்து அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. "நான் பஸ்சுல வாறேன்னு சொன்னேனே," என்று அந்த மணலிடம் சொன்னாள்.

அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்தாள். ரப்பர் பால்வாளி சுமந்த கைதான். சாக்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, விளக்கில் படாமல் இரண்டு அடி நகர்ந்து, இடப்பெஞ்சில் அவருடைய தலையணைக்குக் கீழே மெதுவாக இறக்கினாள். சேலையை உதறி அதன் மேல் போர்த்தினாள்.

பிறகு வலப்பெஞ்சில் போய் உட்கார்ந்து, கால்களை மேலே எடுத்துக்கொண்டாள். கரவன் ஒரு தடவை முனகி அடங்கியது. போத்தலுக்குள் குமிழி நகர்ந்து நகர்ந்து வந்து, இரண்டு நூலுக்கும் நடுவில் நின்றது.