அமீருதீன் எடை பார்த்து வாங்கிய வண்டி

வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அமீருதீனுக்கு எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கனமாக இருந்தால் சரக்கு, லேசாக இருந்தால் தகரம். இந்தத் தத்துவத்தைக் கொண்டு ஆறு வருஷம் கடை நடத்தினான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதையே கொண்டு குடும்பமும் நடத்தப் பார்த்ததில்தான் வந்தது வினை. ஒரு நாள் கப்பல் நங்கூரம் ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்து அடுப்படி வாசலில் இறக்கினான். மனைவி தாஹிரா வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. சடையங்குப்பத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. அவள் இல்லாத வீட்டில் அமீருதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் என்றால் அவனுக்கு உயிர். அதை வாய் திறந்து சொல்லத்தான் வராது. அந்தப் பக்கம் போகிற உப்பு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினான். அவர் பதிலோடு வந்தார்.

"மழ புட்ச்சிகிச்சாம். ஒரு மைலு சேத்துல நடந்து வரமாட்டாளாம். சேத்துல ஓடற வண்டியா ஒண்ணு எட்துகினு வரணுமாம். லேசான வண்டியா இருக்கணுமாம். இந்த ஒண்ணயாச்சும் அவ சொன்ன மாதிரி செஞ்சா வருவாளாம். இல்லாங்காட்டி அங்கியே இருந்துக்குவாளாம்."

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்தார் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்கள் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் விலைக்கு நின்றன. காடு, மணல், சேறு என்று ரோடே இல்லாத இடங்களில் ஓட்டின வண்டிகள். அமீருதீன் துணைக்கு ராயபுரத்து மெக்கானிக் யேசுதாஸை அழைத்துப்போனான். பர்மா எல்லையில் நாலு வருஷம் இதே வண்டிகளைப் பிரித்து மாட்டியவர் அவர்.

யேசுதாஸ் நேராக ஒரு குட்டி வண்டியிடம் போனார். ஒரு கையாலேயே அதன் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இத்த எட்துக்கோ பாய். பாராசூட்ல இறக்கின வண்டி. சேத்துல மாட்டிகிச்சின்னா தூக்கிகினு போயிகினே இருக்கலாம்."

"வண்டி நம்மள தூக்கணுமா, நாம வண்டிய தூக்கணுமா மேஸ்திரி?"

"தங்கச்சியும் லேசா இருக்கணும்னுதான சொல்லி அனுப்ச்சிது?"

"அதுக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தி?"

அந்தச் சேற்றிலேயே பிறந்து, அந்தச் சேற்றிலேயே நடை பழகியவளுக்கு ஒன்றும் தெரியாதாம். இரும்புக் கடையில் உட்கார்ந்து கணுக்கால் நனையாமல் வாழ்ந்தவருக்குத்தான் எல்லாம் தெரியுமாம்!

முதல் வண்டி வாங்குகிற எவனும் இஞ்சின் சத்தத்தைக் கேட்பான், டயரை அமுக்கிப் பார்ப்பான். நம் மகான் ஒவ்வொரு வண்டியாக உருட்டிப்போய்ச் சரக்கு நிறுக்கும் மேடையில் ஏற்றினார். குட்டி வண்டி நூற்று முப்பது ராத்தல். மூலையில் நின்ற ராட்சசன் நானூறு. அமீருதீனின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் அவன் நிக்காஹ் அன்றுகூட வந்ததில்லை. யேசுதாஸ் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ராட்சசனை வாங்கி நான்கு நாள் ஓட்டிப் பழகினான். ஐந்தாம் நாள் அத்தர் பூசிக்கொண்டு கிளம்பினான். திருவொற்றியூர் வரைக்கும் ரோடு இருந்தது, வண்டியும் ராஜநடை போட்டது. வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சலாம் வைத்தான். கால்வாயைத் தாண்டியதும் ரோடு முடிந்தது, ராஜநடையும் முடிந்தது. ஏறக்குறைய அந்த ஒரு மைலையும் எப்படியோ உறுமித் தள்ளாடிக் கடந்தது. மாமியார் வீட்டு வாசலுக்கு எதிரே, பாதி சக்கரம் வரைக்கும் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது.

அவன் இறங்கினான், முழங்கால் வரைக்கும் போயிற்று. தள்ளினான், இழுத்தான், படைத்தவனைக் கூப்பிட்டான். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள் தாஹிரா. கையில் துணி மூட்டை தயாராக இருந்தது. வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் இன்னா சொல்லி அனுப்ச்சேன்?"

அமீருதீன் சாயப்போன வண்டியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "சரி, அத்த வுட்டுட்டு வாங்க. நடந்தே பூடலாம். நானும் நடக்கறேன்."

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு வார்த்தைக்கு மூன்று மாதமாக ஏங்கியிருந்தான். பத்து எட்டு வைத்தால் அவள். ஆனால் கையை எடுத்தால் வண்டி சாயும். சாய்ந்தால் இஞ்சினுக்குள் தண்ணீர் போகும்.

"ரெண்டு ஆளக் கூப்புடேன் தாஹிரா. நல்ல இரும்பு, வீணாப்பூடும்."

தாஹிரா செருப்பைக் கீழே போட்டாள். மூட்டையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அமீருதீனுக்கு இருந்தது. இரண்டு கைகளும் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன.