கதிராமன் வீட்டு லென்ஸ்

அன்று எங்கள் விறாந்தையில் இருந்தவர்கள்: சிவகாமிப்பிள்ளை ஆகிய நான், காலமான என் தம்பியின் மனைவி சீதேவி, அவளுடைய மகள் யசோதரா, அன்புவழிபுரத்துக் கதிராமன், அவருடைய மகன் தர்மசீலன். வேறு எவரும் இல்லை.

கலியாண வீடுகளில் படம் எடுத்துவந்த யசோதராவுக்கு, பயணிகளுக்குத் திமிங்கிலம் காட்டும் படகொன்றில் படம் எடுக்கும் வேலை கிடைக்க இருந்தது. தகப்பனில்லாத வீட்டை அந்த வேலைதான் நிமிர்த்த வேண்டும். படகுக்காரர் ரிஷாத் கேட்டது ஒன்றே ஒன்று: தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் லென்ஸோடு வர வேண்டும். அவளிடம் இருந்ததோ மணவறையை எடுக்கும் சின்ன லென்ஸ்.

எங்களுக்குக் கட்டுப்படியான விலையில் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று முந்நூறு மில்லிமீற்றர் வரை போகும். கை நடுக்கத்தைத் தாங்காது. "படகு ஆடேக்க எடுத்தா திமிங்கிலத்தின்ர வால் கலங்கித்தான் வரும், மாமி," என்றாள் யசோதரா. மற்றது நடுக்கத்தைத் தாங்கும், இருநூற்றைம்பதோடு நின்றுவிடும். தர்மசீலன் விற்கக் கொண்டுவந்த பழைய லென்ஸ் முந்நூறும் போகும், நடுக்கத்தையும் தாங்கும். விலையும் குறைவு.

யசோதரா டோர்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"முழுசா இழுத்தா மங்குமே, அண்ணா? விலை குறைஞ்சதெல்லாம் அப்பிடித்தானே."

"இது மங்காது. நான் எடுத்த படங்கள் என்ர கமராவில கிடக்கு. பாருங்கோ தங்கச்சி."

துறைமுகத்தில் நின்ற கப்பலின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. கிரேன் உச்சியில் இருந்த பருந்தின் கண்ணும் தெரிந்தது. அவள் முகம் மலர்ந்து அடுத்ததை அழுத்தினாள்.

"போதும், அங்கால ஒண்டுமில்லை," என்று அவன் கை நீட்டுமுன் படம் வந்துவிட்டது.

போன ஆடி அமாவாசைத் தீர்த்தம். கடலாடிக் கரையேறும் பெண்கள் ஈரம் மாற்றுவதற்கு ஒரு சேலையை இருவர் மறைப்பாகப் பிடிப்போம். ஆண்கள் தாமாகவே மறுபக்கம் திரும்பி நிற்பார்கள். இவன் மேட்டில் ஏறி நின்று, சேலைக்கு மேலால் எடுத்திருந்தான். சேலையைப் பிடித்திருந்த ஒரு கை என்னுடையது. உள்ளே நின்றவள் சீதேவி.

நான் கமராவைச் சீதேவியின் பக்கம் திருப்பினேன்.

சீதேவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "அது நான், மச்சாள்," என்றாள்.

யசோதரா தொடர்ந்து அழுத்திக்கொண்டே போனாள். வேறு வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

"எவ்வளவு தூரம் பிடிக்குது எண்டு பாக்கத்தான்..." என்று தர்மசீலன் இழுத்தான்.

"தூரம் பாக்க உனக்குக் கப்பல் காணாதோ?" என்றேன்.

கதிராமன் தலை குனியவில்லை. தான் இருந்த கதிரையை என் பக்கம் நகர்த்தினார். "பெடியன்ர விளையாட்டு, அக்கா. லென்சைப் பிள்ளை சும்மா வச்சிருக்கட்டும். காசு வேண்டாம். கதை வெளிய போகாட்டிச் சரி."

முப்பது வயதுப் பெடியன். எங்கள் வீட்டுப் பெண்ணின் மானத்துக்கு அவர் ஒரு பழைய லென்சை விலையாக வைத்தார்.

லென்ஸ் யசோதராவின் மடியில் கிடந்தது. ரிஷாத்தின் படகு புறப்பட அதிக நாள் இல்லை. முடிவை அவளிடமே விட்டேன்.

அவள் எல்லாப் படங்களையும் அவர்கள் முன்னாலேயே அழித்தாள். "வேற எங்கயும் இருக்கோ?"

"இல்லை."

அந்த வார்த்தையை நான் இன்றும் நம்பவில்லை.

"மற்ற வீடுகளுக்கும் நான் சொல்லத்தான் போறன்," என்றபடி லென்சின் இரு பக்கமும் மூடியைப் போட்டு, கமராவோடு அவன் கையில் கொடுத்தாள்.

"இந்த விலைக்கு வேற எங்க எடுப்பியள்?" என்று கேட்டார் கதிராமன்.

"கேற் திறந்துதான் கிடக்கு," என்றாள் சீதேவி.

அவர்கள் போனதும் அவர்கள் இருந்த இரண்டு கதிரைகளையும் முற்றத்தில் வைத்துக் கழுவினேன். யசோதரா சொன்னபடியே அந்த வீடுகளுக்குப் போய்ச் சொன்னாள்.

இப்போது ஊரில் ஒரு கதை உலாவுகிறது: கதிராமனிடம் லென்சை வாங்கிக்கொண்டு நாங்கள் வாயை மூடிவிட்டோமாம், அதை வைத்துத்தான் பிள்ளை படகில் போகிறாளாம். அவள் கொண்டுபோவது ஓர்ஸ் ஹில் கடையொன்றில் புதிதாக வாங்கிய இருநூற்றைம்பது லென்ஸ். வால் கொஞ்சம் சின்னதாகத்தான் விழுகிறது. ரிஷாத் அதற்குச் சம்மதித்தார். கதிராமன் வீட்டிலிருந்து நாங்கள் எதையும் வாங்கவில்லை.