ஒரு தூசி இல்லாத மண்டபம்

இலட்சுமி ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்றால் மேல் லயத்து வரிசை வீடுகளிலும் கீழ் லயத்திலும் ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது. அந்த வாரம் அவள் இழுத்துப் போட்டுக்கொண்டது மண்டபம்.

மண்டபம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டம் அது. முன்பு இறப்பர் ஷீட் அடுக்கிய பழைய ஸ்டோர், தோட்டத்தைக் கம்பெனி எடுத்த பிறகு பூட்டிக் கிடந்தது. சனங்கள் கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்த பிறகு, இரண்டாயிரத்து மூன்றில் தோட்டத்து மேனேஜர் துரை மனமிரங்கிச் சாவியைக் கொடுத்தார். உள்ளே ஒரு டிவி, ஒரு கரம் போர்ட், உட்கார்ந்தால் ஆடுகிற வாங்குகள் சில. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பெண்களுக்கு மட்டும். அந்த இரண்டு நாளுக்காக இலட்சுமி கூட்டத்தில் ஆண்களோடு தொண்டை கிழியச் சண்டை போட்டிருந்தாள்.

அந்த இரண்டு சாயங்காலத்தை நம்பித்தான் அவள் வாரத்தை ஓட்டினாள். விடியுமுன் இறப்பர் மரத்தில் பால்வெட்டு, பிறகு அடுப்பு, தண்ணீர்க் குழாய், பிள்ளைகள். இருட்டினால் புருஷன் ஏழுமலை குடித்துவிட்டு வந்து குடும்பமே இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவை அதிரவைப்பான். அங்கே காலை நீட்டி உட்கார அவளுக்கென்று ஓர் இடமில்லை. மண்டபத்தில் இருந்தது. சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பை ஏழுமலை ஒரு நாளும் கேட்டிருக்கமாட்டான்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. கரண்ட் பில் கட்ட வழியில்லை, கூரை ஒழுகியது. ஏதாவது செய்யுங்கள், இல்லையென்றால் ஸ்டோரைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று துரை சொல்லிவிட்டார். மண்டபத்தை நடத்தும் மன்றத்தின் தலைவர் அமல்ராஜ் டவுனில் ஒரு கடையில் வேலை செய்பவர். அவர்தான் அலைந்து விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இப்படிப்பட்ட பொழுதுபோக்கு மண்டபங்கள் மூடிப்போகாமல் இருக்க அரசாங்கம் உதவுகிறதாம். சனம் வந்து போக வேண்டும், வருகிறவர்களும் கையிலிருந்து கொஞ்சம் போட வேண்டும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை அந்த ஆபீஸ் அதிகாரி, ஒரு மாத்தயா, நேரில் பார்க்க வருகிறார்.

“அன்னைக்கு எனக்கு லீவு எடுக்க ஏலாதுக்கா. உங்களுக்குத்தான் சிங்களம் நல்லா வருமே, நீங்க நில்லுங்க,” என்றார் அமல்ராஜ். “விசேஷமா ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும் போல இருக்கட்டும்.”

“எப்பவும் போலவா? நல்லா இருக்கே தம்பி! வெத்தல எச்சியையும் புள்ளைங்க கால் சேத்தையும் காட்டச் சொல்றீங்களா? மானம் போயிடும்.”

அமல்ராஜ் மண்டபத்துச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். இலட்சுமியிடம் பேசி ஜெயித்தவர் யார்?

பெரிய ஆள் வந்தால் என்ன செய்வதென்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வழியோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கொடியில் துணி தொங்கக் கூடாது. பிள்ளைகள் உள்ளே, நாய்கள் கயிற்றிலே. கண்ணில் படாமல் இருப்பதுதான் மரியாதை. கண்ணில் பட்டால் எதற்காவது ஏச்சு விழும். துரைமாரோடு நூறு வருஷத்துக்கு மேல் காலம் தள்ளிய சனத்துக்கு இது இரத்தத்தில் ஊறியிருந்தது.

இலட்சுமி திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டாள். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குப் பினாயில். கரம் போர்டைப் பொலித்தீனில் சுற்றினாள். டிவிக்குத் தன் நல்ல சேலையைப் போர்த்தினாள். பிறகு கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் காம்பரா பிலோமினம்மா நாலு பேரோடு வந்து நின்றாள். “நம்ம நாளுதானே இலட்சுமி. ஒரே ஒரு ஆட்டம்.”

“மாத்தயா போனதுக்குப் பொறகு விடிய விடிய ஆடுங்கக்கா, யாரு வேணாங்கிறது? அதுவரைக்கும் ஒரு ஆளு வாசல மிதிச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன். வெள்ளிக்கெழம ஜீப் போற வரைக்கும் லயத்துல ஒரு கதவு தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப் வந்தது. மாத்தயா இளம் வயசு. அதட்டவில்லை, மிரட்டவில்லை, சப்பாத்தைக் கழற்றிவிட்டே உள்ளே வந்தார். இருவரும் சிங்களத்திலேயே பேசினார்கள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். பொலித்தீனை விரலால் தொட்டார். “இங்க ஆட்கள் வர்றதில்லையா?”

இலட்சுமிக்கு முகமெல்லாம் பூரிப்பு. “ஒருத்தரும் வரமாட்டாங்க மாத்தயா. நான் விடமாட்டேன்.”

“இந்த வாரம்?”

“செவ்வாய்க்கெழம வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டேன்.”

அவர் கையிலிருந்த ஃபைலை மூடினார். “அம்மா, ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க. ஆனா சனம் பாவிக்கிற மண்டபத்துக்குத்தான் இந்த உதவி. பூட்டிக் கெடக்கிற மண்டபம் எங்க கையில ஏற்கெனவே நெறைய இருக்கு. இதையும் சேர்த்து எழுதினா எனக்குத்தான் கேள்வி வரும்.”

“ஐயோ, இல்ல மாத்தயா! வருவாங்க, எல்லாரும் வருவாங்க. நீங்க வர்றீங்கன்னுதான் நான்...”

“எங்கம்மா? வரும்போது பாதையில ஒரு குழந்தையக்கூட நான் பாக்கலியே.”

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடினாள்.

“பிலோமினக்கா! எல்லாரும் வாங்க! மண்டபத்துக்கு வாங்க!”

லயம் அசையவில்லை. தொண்டை கமறும்வரை கூப்பிட்டாள். ஒரு ஜன்னலில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது, உள்ளேயிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொண்டது. பெரிய ஆள் வந்த இடத்தில் கூச்சல் கேட்டால் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவதுதான் தோட்டத்து வழக்கம்.

மாத்தயா பொறுமையாகவே நின்று பார்த்தார். அவருக்கு இன்னும் இரண்டு தோட்டம் போக வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் மறுபடி கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அடுத்த வருஷம் அங்கே மண்டபம் இருக்காது, இறப்பர் ஷீட்தான் இருக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வாயெடுத்தாள் இலட்சுமி. ஜீப் வளைவில் இறங்கிவிட்டது.

சத்தம் அடங்கியதும் கதவுகள் திறந்தன. பெண்கள் சிரித்த முகத்தோடு ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் பிலோமினம்மா.

“ஒரு தூசி இருக்குன்னு சொன்னாரா?”

“இல்லக்கா.”

“பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!” என்று பிலோமினம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். யாரோ கை தட்டினார்கள். இன்னொருத்தி அதற்குள் பொலித்தீனைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

இலட்சுமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆளே வராத எடமாம். உதவி கெடையாதுன்னுட்டாருக்கா. நான் அந்தக் கத்துக் கத்தினேனே, உங்களுக்குக் கேக்கலியா?”

பிலோமினம்மாவின் சிரிப்பு நின்றது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“சத்தம் கேட்டுச்சு இலட்சுமி, என்ன சொல்றேன்னு வெளங்கல. உன்னயப் போட்டு ஏசுறாங்கன்னு நெனச்சோம். பயந்து போயி, புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம். நீ சொன்ன மாதிரியே ஒருத்தரும் வெளிய வரலியே.”

அந்த மனுஷி அவளை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இலட்சுமி தாங்கியிருப்பாள்.