ஏழாவது கேள்விக்குப் பதில்: இல்லை

என் ஆராய்ச்சிக்கு அக்கா வைத்த பெயர் குறட்டைப் படிப்பு. தங்கை என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், குறட்டையில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள், வாங்கியதும் உங்கள் வீட்டுக்காரரை அனுப்பி வையுங்கள் என்பாள். ஐந்து வருடமாக இதே கேலி. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

விஷயம் குறட்டை இல்லை. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். மூச்சு நிற்கும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், மூளை பதறிப்போய் எழுப்பிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அடைக்கும். தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு நான்கே கட்டில். காத்திருப்பவர்களோ ஏழு மாதத்துக்கு. யாரை முதலில் கூப்பிடுவது என்று பன்னிரண்டு கேள்விகளையும் கழுத்தின் சுற்றளவையும் வைத்துச் சொல்லிவிடும் கணிப்பு முறைதான் என் ஆய்வேடு. ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேரின் விவரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாகச் சொன்னது. கைடு மேடம் அந்த எண்ணைப் பெற்ற பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு கருத்தரங்கு கருத்தரங்காகப் போய்வந்தார்.

அக்கா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். நாள் முழுக்கப் பேச்சுதான் வேலை. காலையில் எழுந்தால் தலைவலி, மத்தியானம் போனைக் கையில் வைத்துக்கொண்டே கண் சொக்குகிறது, என்னையும் உன் கணக்கில் ஒரு தடவை போட்டுப் பாரேன் என்று கேட்டாள். நான்காம் அத்தியாயத்தின் அட்டவணைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். எரிச்சலோடு போனிலேயே கேள்விகளை வாசித்தேன். ஏழாவது, "தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா?"

"இல்ல" என்றாள்.

'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். கழுத்தும் ஒல்லி. நூற்றுக்குப் பதினொன்றுதான் வாய்ப்பு என்று வந்தது.

"உனக்கு ஒண்ணும் இல்லக்கா. சும்மா எதையாவது நெனச்சுக் குழப்பிக்காத" என்று போனை வைத்தேன்.

நான்கு மாதம் கழித்து, யாருக்கோ நேரம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் மேசைமேல் சாய்ந்தாள். பக்கவாதம். வலது கை போயிற்று. வாய் ஓயாத அக்காவுக்கு ஒரு சொல்லைத் தேடி எடுக்க அரை நிமிடம் ஆயிற்று. அவளைப் படுக்க வைத்துப் பதிவு செய்ததில் மணிக்கு நாற்பத்துமூன்று தடவை மூச்சு நின்றிருந்தது. பக்கவாதத்தைக் கொண்டுவந்த ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டதில் இதற்கும் பெரிய பங்கு இருக்கும் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "பக்கத்துல படுக்கிறவங்க யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தான் விட்டுப்போய் ஒன்பது வருடம் ஆகிறது. யார் பார்ப்பது? அவள் சொன்ன 'இல்ல' பார்க்க ஆளே இல்லை என்பது. நான் அடித்த 'இல்லை' மூச்சு நிற்கவில்லை என்பது. இரண்டுக்கும் ஒரே கட்டம். அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான்தான்.

அன்றைக்கே உட்கார்ந்து, வீட்டில் ஒருவர் மட்டும் என்று எழுதியிருந்தவர்களைத் தனியே பிரித்தேன். இருநூற்றாறு பேர். அவர்களில் நோய் இருந்தது எண்பத்தெட்டு பேருக்கு. அதில் ஐம்பத்தோரு பேருக்கு என் கணிப்பு 'பயமில்லை' என்று சொல்லியிருந்தது. தொண்ணூற்றொன்று என்ற அழகான எண்ணுக்குள் அவர்கள் சத்தமில்லாமல் கிடந்தார்கள். இந்த லட்சணத்தில், முந்தைய மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியும் என் கணக்கை வைத்துத்தான் பட்டியலை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது.

கைடு மேடம் அறைக்கு ஓடினேன். பட்டியலை நிறுத்தச் சொல்ல வேண்டும், படிவத்தை மாற்றி எல்லோரிடமும் திரும்பக் கேட்க வேண்டும், ஆய்வேட்டுக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொத்தமா பார்த்தா தொண்ணூத்தொண்ணு வருதுல்ல? அது பொய் இல்லையேம்மா. கடைசியில குறைபாடுகள்னு ஒரு பகுதி இருக்கு. அங்க ஒரு வரி எழுதிடு. பட்டியல் விஷயத்த நான் பாத்துக்கறேன்."

சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. 'தனியாக உறங்குவோரிடம் இம்முறையின் துல்லியம் மேலும் ஆராயப்பட வேண்டும்' என்று எழுதினேன். யார் ஆராய வேண்டும், எப்போது என்றெல்லாம் எழுதத் தேவையில்லாத வசதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அந்த வரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள். மேடம் பட்டியலைப் பார்த்துக்கொள்ளவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். பிசியோதெரபி பெண் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். அக்கா இடது கையால் என்னைக் காட்டி, "தங்கச்சி... டாக்டர்" என்றாள். அக்காவுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிற இந்த நோயில்தான் பட்டம் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டிலேயே டாக்டரை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு தூரம் விட்டீர்கள் என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா தலையை ஆட்டினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள்.

"அவ... சொன்னா. அப்பவே... சொன்னா. படுத்து... பாத்துடுன்னு. நான்தான்... கேக்கல."

எனக்காகப் பொய் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாள். படுக்கையில் கிடந்த மாதங்களில், யோசித்து யோசித்து, குற்றம் தன்னுடையதுதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறாள். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள் போல என்னைப் பார்த்து அசடு வழிந்தாள்.

"இப்படிச் சொன்ன பேச்ச கேக்காம இருந்தா எப்படிக்கா?" என்று அவளைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, பிசியோதெரபி பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னீங்கதானே?"

"சொன்னேன்" என்றேன்.