வாடை நின்ற கிணறு

வேலம்பாளையத்தில் செங்கோட்டையனின் பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. சாயத் தண்ணீர் ஊறி ஊறி அதற்கென்று ஒரு புத்தி வந்துவிட்டது. அடுத்த வருஷம் சந்தையில் எந்த நிறம் ஓடும் என்பதை முதலில் சொல்வது அதுதான். பனியன் வாங்க வந்த ஜெர்மனிக்காரர் ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சாம்பிளை மடித்து வைத்து, "இந்தக் கலரே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதிலிருந்த தவளைகளைக்கூட ஷேடு வாரியாகப் பிரித்துக் கட்டலாம். நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை.

பிறகு பலகைக்கல் போட்டு அதை மூடிவிட்டார்கள். போன சித்திரையில் கம்பெனியை ஒட்டிய எங்கள் காலனி போர்வெல் வற்றியது. கக்கூசுக்காவது ஆகட்டும் என்று கல்லை நகர்த்திப் பழைய மோட்டாரை ஓட்டினால் தண்ணீர் ஏறவில்லை. அடியில் குழாய் வாயிலிருக்கும் புட்வால்வைச் சேறு அடைத்திருந்தது. இறங்குகிறேன் என்று வந்தவன் தனபால், செங்கோட்டையனின் தங்கை நஞ்சம்மாளின் புருஷன்.

மூடிய கிணற்றில் கெட்ட காற்று இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனவே முறைப்படி செய்தோம். வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கினோம். அரிக்கேன் விளக்கை இறக்கினோம். அடிவரை போய் அணையாமல் திரும்பி வந்தது.

"அழுகுன முட்டை நாத்தம் அடிக்குதுங்க மச்சான்," என்றான் தனபால், படியில் இறங்கியபடி.

"உன்ற சட்டைய மோந்து பாரு மாப்ள. குளிச்சு எத்தன நாளாச்சு?" என்றார் செங்கோட்டையன்.

"தண்ணி இருந்தாத்தானுங்களே குளிக்கறதுக்கு."

நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. "நாத்தம் நிக்கலீன்னா ஏறி வந்துருங்க," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நின்னு போச்சு புள்ள. இப்ப ஒரு வாடையுமில்ல."

எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. நான் வெற்றிலை மடித்தேன். அதை வாயில் போடுவதற்குள் தண்ணீரில் கனமாக ஏதோ விழுந்தது.

அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிறு குழாயில் சுற்றிக்கொண்டு இழுத்தும் வரவில்லை. செங்கோட்டையன் படியில் கால் வைத்தார். நஞ்சம்மாள் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எறங்காதீங்கண்ணா."

"உள்ள கெடக்கறது உன்ற புருஷன்."

"தெரியுமுங்கண்ணா."

விடவில்லை. ஏன் அப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நானும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். முகமூடி போட்டுவந்த தீயணைப்புக்காரர்கள்தான் தனபாலை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

காரியம் முடிந்தபின் அதிகாரி ஒருவர் விசாரிக்க நஞ்சம்மாள் வீட்டுக்கு வந்தார். அழுகின முட்டை நாற்றமடிக்கும் அந்தக் காற்று அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும், விளக்கை ஒன்றும் செய்யாது என்றார். வாடை நின்றது காற்று போனதால் அல்ல. கேட்டுக்கொண்டிருந்த நஞ்சம்மாள் சுற்றிலும் பார்த்தாள். கிணற்றை ஒட்டித்தான் அவள் வீடு.

"இப்ப எங்கூட்டுல ஒரு வாடையுமில்லீங்களே," என்றாள்.

அதிகாரி ஒரு சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு அடுப்படி, கட்டிலடி எல்லாம் போய் வந்தார். "பூஜ்ஜியந்தாம்மா காட்டுது. பயப்படாதீங்க."

"இது எல்லாக் காத்தையும் காட்டுமுங்களா?"

"நாலு காத்தைக் காட்டும்."

"மொத்தம் எத்தனைங்க?"

அவர் கருவியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். நஞ்சம்மாள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். கிணறு அந்தப் பக்கம்தான் என்று நினைவு வந்ததும் மூடினாள். மூடிய ஜன்னல் கதவில் கை வைத்தபடி நின்றாள், திறப்பதா வேண்டாமா என்று எங்களைப் பார்த்துக்கொண்டு.